பழைய கைக்கடிகாரச் செயினை அடையாளம் கண்டு விலை மதிப்பது எப்படி?

பீரோவின் அடித்தட்டிலிருந்து ஒரு பழைய கைக்கடிகாரத்தை எடுப்பவர்கள் முதலில் முகப்பைப் பார்ப்பார்கள். பிறகு பின்மூடியைத் திறந்து இயந்திரத்தில் என்ன பெயர் இருக்கிறது என்று தேடுவார்கள். அதைக் கையோடு பிணைத்து வைத்திருந்த உலோகச் செயினை மட்டும் யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை. பல வீடுகளில் அதைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிய தோல் வாரைப் போட்டுக்கொள்கிறார்கள். நல்ல நிலையில் உள்ள 1960களின் ரோலக்ஸ் ஆய்ஸ்டர் செயின் ஒன்று, கடிகாரம் இல்லாமல் தனியாக விற்றாலே, இன்று கடையில் வாங்கும் ஒரு தரமான புதிய ஜப்பானியக் கடிகாரத்தைவிட அதிக விலைக்குப் போகும் என்பதை அறிந்தால் அவர்கள் அப்படிச் செய்ய மாட்டார்கள்.

இந்தத் துறையில் புதிதாக இறங்குபவர்கள் மனதில் கொள்ள வேண்டியது ஒன்று. செயின் என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது பூட்டு, கண்ணிகள், கடிகாரத்தின் உடலோடு இணையும் முனைக்கண்ணிகள் என்னும் மூன்று பாகங்களின் சேர்க்கை. ஐம்பது ஆண்டு ஓடிய ஒரு செயினில் இம்மூன்றும் ஒரே நாளில் ஒரே பட்டறையிலிருந்து வந்தவையாக இருக்கும் என்று எதிர்பார்க்கவே கூடாது. ஆகவே மூன்றையும் தனித்தனியே படித்து, மூன்றும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பார்த்த பிறகே விலையைப் பற்றி யோசிக்க வேண்டும்.

முதல் படி: எதையும் செய்யாமல் படம் எடுங்கள்

என் சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த ஸெய்கோ கடிகாரத்தை, விவரம் தெரியாத வயதில், ஒரு பழுதுபார்ப்புக் கடையில் சர்வீஸுக்குக் கொடுத்தேன். திரும்பி வந்தபோது செயின் கண்ணாடிபோல் மின்னியது. கண்ணிகளின் கூரிய ஓரங்கள் எல்லாம் உருண்டுபோயிருந்தன. மேற்புறத்தில் நீளவாக்கில் ஓடிய மெல்லிய கோடுகள் பஃபிங் சக்கரத்தில் காணாமல் போயிருந்தன. பாலிஷ் என்பது உலோகத்தைத் தேய்த்து எடுப்பதுதான். எடுத்ததைத் திரும்பப் போட முடியாது. கீறல் விழுந்த, ஆனால் ஓரம் கூர்மையாக நிற்கும் செயினைச் சேகரிப்பாளர்கள் விரும்பி வாங்குவார்கள். பளபளக்கும் மொழுமொழுச் செயினை ஒதுக்கிவிடுவார்கள்.

எனவே கையில் கிடைத்த நிலையிலேயே மேற்புறம், உட்புறம், பக்கவாட்டு, பூட்டின் உள்புறம் ஆகியவற்றைப் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கூடவே பீரோவையும் மேசை இழுப்பறையையும் ஒருமுறை துழாவிப் பாருங்கள். நம் ஊர்க்காரர்களின் மணிக்கட்டு பெரும்பாலும் சிறியது என்பதால், வாங்கிய நாளிலேயே கடைக்காரர் இரண்டு மூன்று கண்ணிகளைக் கழற்றிச் சிறு பொட்டலமாக மடித்துக் கொடுத்திருப்பார். அந்தப் பொட்டலம் பழைய ரசீதுகளுக்கும் சாவிகளுக்கும் நடுவே கிடைத்தால், அதைச் செயினின் மதிப்பில் ஒரு பங்காகவே கருத வேண்டும்.

இரண்டாம் படி: கழற்றுவதும் கழுவுவதும்

கடிகார உடலின் இரு முனைகளிலும் நீட்டிக்கொண்டிருக்கும் காதுகளுக்கு இடையே செயினைப் பிடித்திருப்பது ஸ்பிரிங் பார் எனப்படும் சுருள்வில் வைத்த மெல்லிய கம்பி. அதைக் கழற்ற அதற்கென்றே விற்கும் சிறு கருவி உண்டு. கத்தி முனையோ ஊக்கோ வேண்டாம். கழற்றும் முன் காதுகளின் உட்புறத்தில் ஒட்டுநாடா ஒட்டிவிட்டால் கருவி வழுக்கினாலும் கீறல் விழாது.

தனியாக வந்த செயினை வெதுவெதுப்பான நீரில் சில துளி பாத்திரம் கழுவும் திரவம் விட்டு ஒரு மணி நேரம் ஊறவைத்து, மென்மையான பல்துலக்கியால் உட்புறத்தைத் தேயுங்கள். கண்ணி இடுக்குகளிலிருந்து கருப்பாக வெளிவருவது வியர்வையும் தூசியும் உலோகத் துகளும் கலந்த பசை. அது போன பிறகுதான் பூட்டின் உள்ளே பொறித்த எண்கள் தெளியும். புளி, எலுமிச்சை, பித்தளை துலக்கும் பொடி எதுவும் வேண்டாம்.

மூன்றாம் படி: எண்களைத் தனித்தனியே படித்தல்

ஒரு பூதக்கண்ணாடியும் ஒரு வெர்னியர் காலிப்பரும் இருந்தால் போதும். காலிப்பரால் கடிகாரக் காதுகளுக்கு இடையேயான அகலத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஆண்கள் அணியும் பழைய கடிகாரங்களில் 18, 19, 20 மில்லிமீட்டர் ஆகியவை அதிகம் காணப்படும். ஒரு மில்லிமீட்டர் வேறுபாட்டைச் சிறிதாக நினைக்க வேண்டாம். உடல் விட்டம் 34 மில்லிமீட்டர் உள்ள ரோலக்ஸுக்கு 19, 36 மில்லிமீட்டர் உள்ள ரோலக்ஸ் டேட்ஜஸ்ட் மாதிரிக்கு 20 என்று இருப்பதால், அகலம் மாறினால் செயினின் எண்ணும் அதை வாங்கக்கூடிய ஆளும் மாறிவிடும்.

பிறகு மூன்று இடங்களில் தேட வேண்டும். பூட்டின் உட்புறத்தில் நிறுவனத்தின் பெயர், செயின் எண், காலக்குறி ஆகியவை இருக்கும். கடிகாரத்தின் உடலோடு வளைந்து பொருந்தும் முனைக்கண்ணியின் உட்புறத்தில் இரண்டு அல்லது மூன்று இலக்க எண் இருக்கும். சிலவற்றில் முனைக்கண்ணிக்கு அடுத்த கண்ணியின் உட்புறத்திலும் செயின் எண் பொறித்திருப்பார்கள்.

இதை ஓர் உதாரணத்தோடு சொல்வது நல்லது. நண்பர் ஒருவர் தன் தந்தை 1968இல் வாங்கிய, 1601 என்னும் மாதிரி எண் கொண்ட ரோலக்ஸ் டேட்ஜஸ்டைக் கொண்டுவந்தார். அதில் இருந்தது ஐந்து வரிசைக் கண்ணிகள் கொண்ட ஜூபிலி செயின். டேட்ஜஸ்ட் 1945இல் அறிமுகமானபோதே அதனுடன் பிறந்த வடிவம் அது. பூட்டைத் திறந்து விளக்கடியில் சாய்த்துப் பிடித்தபோது 62510எச் என்ற எண்ணும் எம் என்ற ஒற்றை எழுத்தும் தெரிந்தன. ரோலக்ஸ் 1976 முதல் பூட்டில் ஆண்டை எழுத்தால் குறித்தது: ஏ என்றால் 1976, பி என்றால் 1977, சி என்றால் 1978. சில பூட்டுகளில் அதற்கு முன்னால் ஒரு வி சேர்ந்து வி.ஏ., வி.பி. என்று இருக்கும். அந்த வரிசையில் எம் என்பது 1988. 1968இல் வாங்கிய கடிகாரத்தில் 1988இன் பூட்டு.

அடுத்து முனைக்கண்ணியைத் திருப்பினோம். 55 என்று இருந்தது. 62510எச் செயினுக்கு உரிய முனைக்கண்ணி 555; 55 என்பது அதற்கு முந்தைய தலைமுறையான 6251எச் செயினுக்கு உரியது. கண்ணிகளைப் பக்கவாட்டில் பார்த்தபோது ஒவ்வொன்றும் மெல்லிய தகட்டை மடித்துச் செய்யப்பட்டது தெரிந்தது. 6251எச் அப்படித்தான் இருக்கும். ஆக, கண்ணிகளும் முனைக்கண்ணிகளும் கடிகாரத்தின் காலத்தவை. பூட்டு மட்டும் இடையில் ஒருநாள் மாற்றப்பட்டது. பூட்டை மட்டும் பார்த்திருந்தால் முழுச் செயினையும் 1988ஆம் ஆண்டுச் செயின் என்று சொல்லியிருப்போம்.

1976க்கு முந்தைய ரோலக்ஸ் பூட்டுகளில் எழுத்துக்குப் பதிலாக எண்கள் இருக்கும். 2 என்றும் 68 என்றும் அருகருகே பொறித்திருந்தால் அது 1968ஆம் ஆண்டின் இரண்டாம் காலாண்டு. பிற்காலப் பூட்டில் எஸ் என்ற எழுத்து ஆண்டெழுத்தோடு சேர்ந்து வந்தால் அது சர்வீஸில் மாற்றிப் போடப்பட்ட பூட்டு என்று பொருள். நிறுவனத்தின் அசல் பாகம்தான், ஆனால் கடிகாரத்தோடு பிறந்ததல்ல. செயினின் காலக்குறியும் கடிகாரத்தின் ஆண்டும் ஓரிரு ஆண்டு முன்பின் இருப்பது இயல்பு, அதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை.

ஒமேகாவிலும் இதே முறைதான். ஸ்பீட்மாஸ்டர் கடிகாரத்தோடு 1960களின் பிற்பகுதியில் வந்த தட்டைக்கண்ணிச் செயினின் பூட்டில் 1039 என்றும் முனைக்கண்ணியில் 516 என்றும் இருக்கும். அதற்கு முந்தைய, உள்ளே சுருள்வில் வைத்து இழுபடும் செயின் 7912, அதன் முனைக்கண்ணி வெறும் 6. பிற்கால 1171 செயினுக்கு 633. இப்படி இரண்டு எண்களையும் சேர்த்துச் சொன்னால்தான் வாங்குபவருக்கு அடையாளம் முழுமையாகும். முனைக்கண்ணி வேறு மாதிரிக் கடிகாரத்துக்கு உரியது என்றால் அது காதுகளுக்கு நடுவே ஆடும், இடைவெளி விடும். அதைக் குறடால் நசுக்கிப் பொருத்திய தழும்பும் அடிக்கடி காணக் கிடைக்கும்.

செய்தவர் யார் என்ற கேள்வி

கடிகார நிறுவனங்களில் பல தங்கள் செயினைத் தாங்களே செய்யவில்லை. ஜெனீவாவில் 1835இல் தொடங்கப்பட்ட கே ஃப்ரேர் என்னும் பட்டறை ரோலக்ஸ், படேக் ஃபிலிப், ஹோயர், ஸெனித் முதலிய பலருக்கும் செயின் செய்து கொடுத்தது. ஆடுமார் பிகே 1972இல் வெளியிட்ட ராயல் ஓக் கடிகாரத்தின் செயினும், ஸெனித் எல் ப்ரிமெரோவின் ஏணிபோல் இடைவெளி விட்ட செயினும் அங்கே செய்யப்பட்டவைதான். அப்பட்டறையை 1998இல் ரோலக்ஸ் வாங்கிக்கொண்டது. ஜி.எஃப். என்ற எழுத்துகள் உள்ள எஃகுச் செயின் கிடைத்தால், பூட்டில் கடிகார நிறுவனத்தின் பெயர் இல்லாவிட்டாலும் ஒதுக்கிவிடாதீர்கள்.

ஆனால் இங்கே ஒரு குழி இருக்கிறது, புதியவர்கள் தவறாமல் விழுவார்கள். அமெரிக்காவில் செய்த பொன்னிறச் செயின்களிலும் ஜி.எஃப். என்று இருக்கும். அங்கே அதன் பொருள் கோல்டு ஃபில்டு, அதாவது சாதாரண உலோகத்தின் மேல் தங்கத் தகடு அழுத்திப் பதித்தது. அந்த எழுத்துகளுக்கு முன்னால் 1/20, 12கே போன்ற எண்கள் இருந்தால் அது பட்டறையின் பெயரல்ல, உலோகத்தின் விவரம்.

என்.எஸ்.ஏ. என்று பொறித்தவை நோவாவிட் என்னும் சுவிஸ் நிறுவனத்தின் செயின்கள். ஜே.பி. சாம்பியன் என்பது அமெரிக்கப் பெயர். வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் நம் வீடுகளுக்கு வந்த 1970களின் ஸெய்கோக்களில் ஸ்டெலக்ஸ் என்ற பெயர் பூட்டின் உட்புறத்தில் தெரிந்தால் திகைக்க வேண்டாம். ஸெய்கோவுக்குச் செயின் செய்து கொடுத்த ஹாங்காங் நிறுவனம் அது, அசல்தான். ஸெய்கோவில் கடிகாரத்தின் ஆண்டை அறிய பின்மூடியில் உள்ள ஆறிலக்கத் தொடர் எண் உதவும். அதன் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். அக்டோபருக்குச் சுழியம், நவம்பருக்கு என், டிசம்பருக்கு டி. எச்.எம்.டி. கடிகாரங்களைப் பொறுத்தவரை மதிப்பு கடிகாரத்தில்தான் இருக்கிறது, அவற்றில் இன்று காணும் செயின்களில் பல வெளிக்கடைச் சரக்கு என்பது என் அனுபவம்.

நான்காம் படி: கண்ணியின் அமைப்பைப் பார்த்தல்

எண்கள் தேய்ந்துபோன இடத்தில் அமைப்பு பேசும். ரோலக்ஸ் ஆய்ஸ்டர் செயினையே எடுத்துக்கொண்டால், 1950களிலும் 60களிலும் கண்ணிகளின் பக்கவாட்டில் ஆணித்தலைபோல் ரிவெட்டுகள் துருத்திக்கொண்டிருக்கும். 20 மில்லிமீட்டர் அளவில் அதன் எண் 7206. அதன்பின் 1960களின் இறுதி முதல் தகட்டை மடித்த கண்ணிகள், 7836 என்றும், கடலில் மூழ்குபவருக்கான கடிகாரத்தில் நீட்டிக்கும் பூட்டோடு 9315 என்றும் வந்தன. 1970களின் பிற்பகுதியில் திடமான கண்ணிகள் வந்தன. அவை 78360, 93150. மடித்த தகடா திடமான உலோகமா என்பது கையில் தூக்கும்போதே எடையிலும் ஒலியிலும் தெரிந்துவிடும். மடித்த செயின் உள்ளங்கையில் விழும்போது சலசலக்கும், திடமானது தொப்பென்று உட்காரும்.

அமைப்பும் காலக்குறியும் ஒன்றை ஒன்று சோதிக்கும் சாட்சிகள். ரிவெட் வைத்த செயினில் 1976க்குப் பிந்தைய எழுத்துக்குறி கொண்ட பூட்டு இருந்தால், பூட்டு மாறியிருக்கிறது அல்லது கண்ணிகள் போலி என்று சந்தேகித்தே மேலே செல்ல வேண்டும்.

ஐந்தாம் படி: தொய்வு

செயினின் விலையை மிகுதியாகக் குறைப்பது தொய்வு. வியர்வையும் தூசியும் கலந்த அந்தக் கருப்புப் பசை அரப்பொடிபோல் வேலை செய்து, ஒவ்வொரு அசைவிலும் கண்ணிகளைக் கோக்கும் ஊசியையும் கண்ணித் துளையையும் அரித்துவிடுகிறது. ஒரு கண்ணியில் தலைமயிர் அளவு தளர்ச்சி, இருபது கண்ணிகள் சேரும்போது கண்ணுக்குத் தெரியும் நீளமாகிவிடும்.

சோதிப்பது எளிது. பூட்டை மூடி, செயினைப் பக்கவாட்டாகத் திருப்பி, கண்ணிகளின் ஓரம் தரையைப் பார்க்கும்படி முனைக்கண்ணிப் பக்கத்தை மட்டும் விரலில் பிடித்துக் கிடைமட்டமாக நீட்டுங்கள். அதிகம் தேயாத செயின் பலகைபோல் நேராக நிற்கும். தேய்ந்தது வாழைப்பழம்போல் வளைந்து தொங்கும். ஜூபிலியும் மடித்த கண்ணிச் செயின்களும் ஓரளவு வளைவது இயற்கையே, நேராக நிற்கும் பழைய ஜூபிலி கிடைத்தால் அதுதான் அபூர்வம். மடித்த கண்ணிகளைக் குறடால் அழுத்தி இறுக்கிவிட்டு நல்ல செயின் என்று விற்பவர்களும் உண்டு என்பதால், கண்ணிகளின் ஓரங்களில் சீரான இடைவெளியில் பள்ளங்கள் தெரிகின்றனவா என்று பூதக்கண்ணாடியால் பாருங்கள்.

தங்கம் என்றால் வேறு கணக்கு

தங்கச் செயினுக்கு, உருக்கினால் தேறும் தங்கத்தின் விலை என்னும் அடித்தளம் உண்டு. 750 என்றால் 18 காரட், 585 என்றால் 14, 375 என்றால் 9. பழைய சுவிஸ் செயினில் 916 முத்திரை இல்லையே என்று போலியென முடிவு கட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். 916 என்பது நம் ஊர் 22 காரட் நகைக்கு உரியது, சுவிஸ் பட்டறைகள் 18 காரட்டில்தான் பெரும்பாலும் வேலை செய்தன. 48 கிராம் எடையுள்ள 750 செயினில் 36 கிராம் சுத்தத் தங்கம் இருக்கிறது என்ற கணக்கில் அன்றைய விலையைப் பெருக்கினால் அதற்குக் கீழே விற்கக் கூடாத எல்லை கிடைக்கும்.

தங்கத் தகடு பதித்த செயினில் நிலைமை நேர்மாறு. 1/20, 12கே என்றால் எடையில் இருபதில் ஒரு பங்கு 12 காரட் தங்கம், அதிலும் பாதிதான் சுத்தத் தங்கம். 30 கிராம் செயினில் முக்கால் கிராம்கூடத் தேறுவது கடினம். மைக்ரான் கணக்கில் முலாம் என்று எழுதியிருந்தால் அதைவிடவும் குறைவு.

நகைக்கடையில் கொண்டுபோய்க் காட்டுவதானால், காரட் மீட்டரில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். உரைகல்லில் உரைக்கவோ அரத்தால் கீறவோ விடாதீர்கள். பழைய தங்கமாக எடைபோட்டு வாங்குபவருக்குப் பட்டறையின் பெயரும் பின்னல் வேலையும் ஒரு பொருட்டே அல்ல. கே ஃப்ரேர் கைவண்ணத்தில் வந்த ஒரு பின்னல் செயினை உருக்கும் உலையில் போடுவதை நினைத்தால் எனக்கு மனம் பதைக்கிறது. உருக்கினால் தேறும் விலையைவிட அதிகம் தருபவர் அதற்கு நிச்சயம் இருக்கிறார்.

ஆறாம் படி: விலை

விற்பனைத் தளங்களில் கேட்கப்படும் விலையை விலை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். யாரும் வாங்காமல் இரண்டு ஆண்டுகளாகக் கிடக்கும் சரக்குக்கும் அங்கே ஒரு விலை எழுதியிருக்கும். ஈபேயில் விற்றுமுடிந்தவற்றை மட்டும் காட்டும் வடிகட்டி உண்டு. அதில் செயின் எண்ணையும் முனைக்கண்ணி எண்ணையும் சேர்த்துத் தேடி, ஐந்தாறு விற்பனைகளையாவது படங்களோடு பார்த்து, தொய்விலும் நீளத்திலும் உங்களுடையதற்கு மிக நெருங்கியதைத் தேர்ந்துகொள்ளுங்கள். ஏல நிறுவனங்கள் வெளியிடும் முடிவு விலையில் வாங்குபவர் தரும் கூடுதல் கட்டணமும் பெரும்பாலும் சேர்ந்திருக்கும், விற்றவர் கைக்கு அவ்வளவு வந்திருக்காது.

அந்த விலையிலிருந்து கழிக்க வேண்டியவற்றை ஒவ்வொன்றாகக் கழியுங்கள். கண்ணி குறைந்தால், அதே வகைக் கண்ணி தனியாக என்ன விலைக்குக் கிடைக்கிறதோ அதைக் கழிக்க வேண்டும். பெரிய மணிக்கட்டு உள்ளவருக்குப் பற்றாத செயினின் வாங்குபவர் கூட்டமே சுருங்கிவிடும் என்பதால் இன்னும் கொஞ்சம் கழித்தாலும் தவறில்லை. முனைக்கண்ணி தவறானது என்றால் சரியானதன் விலையைக் கழியுங்கள். பூட்டு மாறியிருந்தாலும் இதே வழிதான். கடுமையான தொய்வு உள்ளதற்குப் பாதி விலைக்கு மேல் நான் கொடுப்பதில்லை, ஏனென்றால் சீர் செய்யும் நிபுணரின் கூலியே அந்தப் பாதியைத் தின்றுவிடும்.

சில வேளைகளில் பாகங்களின் கூட்டுத்தொகை முழுச் செயினைவிட அதிகமாக வரும். நண்பரின் ஜூபிலியில் 55 எண் முனைக்கண்ணிகள் தனியாகவும், 1988இன் பூட்டு தனியாகவும், கண்ணிகள் தனியாகவும் விலைபோகக் கூடியவை. விற்கும் எண்ணம் இருந்தால் அந்தக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். ஆனால் மூன்று பாகமும் ஒரே காலத்தவையாக, கடிகாரத்தின் ஆண்டோடும் பொருந்தி நின்றால் ஒருபோதும் பிரிக்காதீர்கள். கடிகாரத்தோடு சேர்த்து விற்கும்போதுதான் அதற்கு உரிய விலை கிடைக்கும்.

வாங்கும்போது போலியைத் தவிர்க்க

விலை ஏறிய செயின்களுக்கெல்லாம் இன்று போலி இருக்கிறது. 7206, 9315 ஆகியவற்றுக்கு மிகுதி. அசல் எண்கள் அச்சு வைத்து அடித்துப் பதித்தவை, விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் எழுத்தின் ஓரம் கூர்மையாகவும் அடி ஆழமாகவும் தெரியும். லேசரால் எழுதியது ஆழமின்றிச் சாம்பல் நிறத்தில் தட்டையாக இருக்கும். அறுபது ஆண்டுப் பழைய செயின் என்று சொல்லப்படுவதில் மேற்புறம் கீறியிருக்க, தோலோடு உராயும் உட்புறம் மட்டும் புத்தம் புதிதாக இருந்தால் விலகிவிடுங்கள்.

தொலைவிலிருந்து வாங்குவதானால் விற்பவரிடம் ஐந்து படங்கள் கேளுங்கள்: பூட்டின் உட்புறம், இரண்டு முனைக்கண்ணிகளின் உட்புறம், கண்ணிகளின் பக்கவாட்டு, கிடைமட்டமாக நீட்டிப் பிடித்த நிலை, அளவுகோலின் அருகே கிடத்திய முழு நீளம். கண்ணிகளின் எண்ணிக்கையைப் பன்னிரண்டு மணிப் பக்கம் இத்தனை, ஆறு மணிப் பக்கம் இத்தனை என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நீட்டிப் பிடித்த படத்தை மட்டும் தர மறுப்பவரிடம் நான் மேற்கொண்டு விலை பேசுவதில்லை.